பாரம் அறிந்து செய்யும் பெட்டி



ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, ஒன்றுக்கொன்று இணையாக வரிவரியாகக் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்மணல் மேடுகளால் ஆகிய சிம்ப்சன் பாலைவனத்தை, 1962ஆம் ஆண்டில் ரெக் ஸ்பிரிக் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி, தம் மனைவி கிரிசெல்டாவையும் குழந்தைகள் இருவரையும் ஒரு நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மேற்கு எல்லையிலிருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் ஊர்வரை கடந்து சென்றார். மோட்டார் வண்டி ஒன்று அந்தப் பாலையை முழுவதும் ஊடறுத்துச் சென்றது அதுவே முதல் தடவை. அதற்கு முன்னர், 1936இல் சென்ற டெட் கோல்சனும், 1939இல் சென்ற மாடிகனும் ஒட்டகங்களைத் துணைக்கொண்டே அதைக் கடந்தார்கள். அந்த ஒட்டகங்களை அந்நாட்டிற்குப் பழக்கியவர்கள், ஆப்கானியர் என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்டாலும், இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய தேசங்களின் பல பிரதேசங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே போய்ச் சேர்ந்த ஒட்டகக்காரர்கள். சேணத்தின் இருபுறமும் எடை சமமாக இல்லாவிட்டால் மிருகத்தின் முதுகு புண்ணாகும் என்பதும், கடினமான பொருள் எதுவும் உடலில் உராயக்கூடாது என்பதும், முதலில் வேண்டியது கடைசியில் ஏற்றப்பட வேண்டும் என்பதும் அவர்கள் கற்றிருந்த சாஸ்திரம். மோட்டார் வண்டி வந்தபோது அந்த சாஸ்திரம் அநாவசியம் என்று கருதிவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றினால் ஒட்டகம் எழுந்திருக்க மறுக்கும். வண்டி மறுப்பதில்லை, வாயை மூடிக்கொண்டு சுமந்து, வேறொரு நாளில், மனித வாசனையற்ற வேறோர் இடத்தில் முறிந்து நிற்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் வண்டியின் பின்புறத்தில், ஒரு சாமானிய மனிதன் தன் வீட்டுக் கொட்டகையில், தன் கையாலேயே மரப்பலகையால் செய்து பொருத்திக்கொள்ளும் இழுப்பறைகளைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் இது ஒரு பெரிய குடிசைக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. எஃகினாலும் அலுமினியத்தினாலும் ஆன தயாரான இழுப்பறைகளைக் கடைகளில் விற்கிறார்கள். அவற்றின் விலை சாதாரணமாக ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆகவே பணத்தை மிச்சப்படுத்துவதற்காகவே மக்கள் ரம்பத்தைக் கையில் எடுக்கிறார்கள் என்று பலர் எண்ணுவது இயல்பு. என் அபிப்பிராயம் வேறு. விலை மலிவு என்பது இக்கலையின் சிறிய லாபம். தான் எதைச் சுமக்கப் போகிறான், எவ்வளவு சுமக்கப் போகிறான், எந்தச் சாலையில் சுமக்கப் போகிறான் என்று அறிந்தவன் அந்த அறிவுக்கு ஏற்றபடி பெட்டியை அமைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பெரிய லாபம். யாரோ ஒருவருக்காகச் செய்யப்படும் கடைப்பெட்டி, எல்லோருடைய பாரத்தையும் தாங்க வேண்டியிருப்பதால், எப்போதும் தேவைக்கு மேல் கனமாகவே இருக்கும். தனக்கென்று செய்பவன்தான் அதை லேசாகச் செய்ய முடியும்.

இதற்கு ஒரு பூர்வ சரித்திரமும் உண்டு. மாட்டு மந்தைகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்ற இடையர்களும், மாட்டுவண்டிக்காரர்களும், மாவும் தேயிலையும் சர்க்கரையும் உப்பிட்ட இறைச்சியும் வைத்துக்கொள்ள ‘டக்கர் பாக்ஸ்’ என்று அவர்கள் சொல்லும் மரப்பெட்டி ஒன்றை எங்கும் கொண்டுசென்றார்கள். நியூ சவுத் வேல்ஸில் குண்டகாய் என்ற ஊருக்கருகே, அப்பெட்டியின்மேல் ஒரு நாய் உட்கார்ந்து காவல் புரிவதாக ஒரு சிலை இருக்கிறது; 1932ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரதம மந்திரியே வந்து அதைத் திறந்து வைத்தார். ஒரு சோற்றுப்பெட்டிக்கு இத்தனை கௌரவம் அளித்த வேறு தேசம் எனக்குத் தெரியவில்லை. பிறகு 1948இல் லாண்ட் ரோவரும், 1950களின் இறுதியில் ஸ்நோயி மலை நீர்மின் திட்டத்தின் வேலைகளுக்காக டொயோட்டா லாண்ட் குரூசரும் அந்நாட்டில் வந்து இறங்கியபோது, அந்தப் பெட்டி வண்டியின் பின்புறத்துக்கு ஏறியது. மூடியைத் திறக்க வேண்டுமானால் மேலே அடுக்கிய யாவற்றையும் இறக்க வேண்டியிருந்த சங்கடத்தினால், மேலே திறக்கும் பெட்டி காலக்கிரமத்தில் பின்னே இழுக்கும் அறையாக மாறிற்று.

பெட்டியைப் பற்றிப் பேசுமுன் சாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் வீட்டில் இருக்கும் மேஜை இழுப்பறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சாலையால் வருவது. அந்நாட்டின் உட்பிரதேசத்துச் சரளைச் சாலைகளும் மண்சாலைகளும், குறுக்குவாட்டில் சிறு சிறு அலைகளாக, இடைவிடாமல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு நெளிந்து கிடக்கும். உலர்ந்த மண்ணின்மேல் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் சக்கரம், தற்செயலாகக் கிடக்கும் ஒரு சிறு மேட்டில் துள்ளி, விழுந்த இடத்தில் மண்ணைக் குழித்து, குழித்த மண்ணை முன்னே தள்ளி அடுத்த மேட்டைத் தானே உண்டாக்குகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு சக்கரமும் அதே காரியத்தைச் செய்து அந்த அலையை ஆழப்படுத்துகிறது. சுருள்வில்லே இல்லாத சக்கரத்தை மணலின்மேல் உருட்டினாலும் இந்த அலைகள் தோன்றும் என்று பௌதிக சாஸ்திரிகள் பரிசோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இதை வண்டியின் குற்றம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் முக்கால் மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, வினாடிக்கு இருபதுக்கு மேல், மணிக்கு 80,000 குலுக்கல்களை வாங்குகிறது. கேனிங் மந்தை வழி என்று பெயர் பெற்ற, வைலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் பிரயாணம் செய்பவனுடைய பெட்டியின் ஒவ்வொரு திருகாணியும் எத்தனை லட்சம் தடவை உலுக்கப்படும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வீட்டு மேஜையை ஆயுள் முழுவதும் தாங்கும் ஓர் ஆணி இங்கே மூன்றாம் நாள் தளர்ந்துவிடும்.

அடுத்தபடியாக எடை. இந்தச் சொற்பொழிவில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இங்கேதான். எந்த வண்டிக்கும், பிரயாணிகளையும் பாரத்தையும் எண்ணெயையும் சேர்த்து மொத்தத்தில் இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதைச் செய்தவர்களே ஒரு வரம்பு விதித்திருக்கிறார்கள். லாண்ட் குரூசர் 200 வகை வண்டிக்கு அந்த வரம்பு 3,350 கிலோகிராம். வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், சுமக்கத்தக்கது ஏறக்குறைய 600 கிலோதான். இத்தனை பெரிய வண்டியில் 600 கிலோ என்பது ஏராளம் என்று தோன்றும். நான்கு பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தால் அதில் 300 போய்விடும். பாலையில் எண்ணெய் கிடைக்காத தூரத்துக்காகக் கலங்களில் கூடுதலாக 100 லிட்டர் டீசல் எடுத்தால் அது 84 கிலோ. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. முன்னே கங்காரு மோதினால் வண்டியைக் காக்கும் எஃகுச் சட்டமும், இரண்டாவது உபரிச் சக்கரமும், கூரைமேல் சட்டமும் சேர்ந்து குறைந்தது 100 கிலோ. குளிர்சாதனப் பெட்டியும் அதற்குள் உணவும் 40 கிலோ. கூட்டிப் பாருங்கள்: 600க்கு மேல் போய்விட்டது, இன்னும் கூடாரம் ஏறவில்லை, கருவிகள் ஏறவில்லை, நாம் செய்யப் போகும் இழுப்பறையும் ஏறவில்லை. கடைகளில் விற்கும் எஃகு இழுப்பறை ஜோடி, ஒன்றுமே வைக்காமல் வெறுமையாக இருக்கும்போதே 80 கிலோ, 100 கிலோ என்று இருப்பது உண்டு. பாரத்தைச் சௌகரியமாக வைப்பதற்காகச் செய்த சாதனமே பாரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடுமானால், அந்தச் சௌகரியத்தின் பொருள் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வரம்பை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுப் பணம் மறுக்கப்படக்கூடும் என்பது வேறு; வில்லும் அச்சும் சட்டமும் முறியக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். நம் கிராமத்து வண்டிக்காரன் மூட்டைகளை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுகிறானே, அதே கணக்கு இங்கும் செல்லும்: பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகுவது போல, மோட்டார் வண்டியில் முன்சக்கரங்கள் தரையின்மேல் உள்ள பிடியை இழக்கும். பின்னச்சுக்கு 600 மில்லிமீட்டர் பின்னால் 100 கிலோ எடையை வைத்தால், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2,850 மில்லிமீட்டர் உள்ள அந்த லாண்ட் குரூசரில், பின்னச்சின்மேல் ஏறுவது 100 அல்ல, 121 கிலோ. மிகுந்த அந்த 21 கிலோ முன்னச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. வண்டியைத் திருப்புவதும் பெரும்பான்மையாக நிறுத்துவதும் முன்சக்கரங்களே ஆகையால், இந்தக் கணக்கை அலட்சியம் செய்தவன் வளைவுகளில் அதை உணர்வான். ஆதலால் இழுப்பறைக்குள்ளும் கனத்த பொருள்கள் யாவும் அதன் உட்கோடியில், அதாவது இருக்கையின் முதுகுப் பக்கத்தில் இருக்க வேண்டும். கதவுப் பக்கத்தில் ரொட்டியும் தேயிலையும் துணிமணியும் இருந்தால் போதும்.

இனிப் பலகையைப் பற்றி. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவற்றை வாங்குபவர்கள் மூவகையில் நஷ்டப்படுவார்கள்: அவை தண்ணீர் பட்டால் ஊதிவிடும், விளிம்பில் திருகாணியைப் பிடித்து நிறுத்தும் சக்தியும் அற்றவை, அதோடு எடையும் அதிகம். 2,400க்கு 1,200 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பலகையை எடுத்துக்கொண்டால், 18 மில்லிமீட்டர் கனமுள்ள தூள்பலகை ஏறத்தாழ 37 கிலோ நிறுக்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் 19 கிலோதான். குவீன்ஸ்லாந்துத் தோட்டங்களில் வளரும் ஹூப் பைன் மரத்திலிருந்து, நீரில் விட்டுக்கொடாத பசையால் ஒட்டிச் செய்யும் பிளைவுட் இந்த வேலைக்கு உத்தமமானது. கட்டடங்களில் கான்கிரீட் ஊற்றுவதற்காக வழவழப்பான மேல்தாளுடன் செய்யும் 17 மில்லிமீட்டர் பலகையைச் சிலர் விரும்புகிறார்கள். அது நீரைத் தாங்கும் என்பது உண்மையே, ஆனால் கனம் மிகுதி என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

‘12 மில்லிமீட்டர் பலகை வளைந்துவிடாதா?’ என்று கேட்பவர்களுக்கு, பலகையைக் கனமாக்குவது ஒன்றுதான் வளைவைத் தடுக்கும் மார்க்கம் என்ற எண்ணம் மனத்தில் ஊறியிருக்கிறது. பலகை வளையும் அளவு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 12க்குப் பதில் 18 இட்டால் வளைவு ஏறத்தாழ மூன்றரையில் ஒரு பங்காகக் குறையும் என்பது சரிதான், ஆனால் எடை ஒன்றரை மடங்காகும். பலகையைத் தொடாமல், இரண்டு இழுப்பறைகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவரை நிறுத்தி, பலகை தாங்கலின்றிக் கடக்கும் தூரத்தைப் பாதியாக்கினால், நடுவில் வைத்த பாரத்துக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே அந்த நடுச்சுவரே இந்தப் பெட்டியின் முதுகெலும்பு. அதேபோல், பெட்டி பக்கவாட்டில் சாய்ந்து கோணாமல் காப்பது பின்புறத்தில் அடைக்கும் பலகை. 9 மில்லிமீட்டர் கனமுள்ள பின்பலகையைப் பசையிட்டு, திருகாணியால் நெருக்கமாக முடுக்கிவிட்டால், சாலையின் குலுக்கலில் மூலைகள் அசையா. காற்றோட்டத்துக்கு என்று அதை விட்டுவிடுபவர்களின் பெட்டி நாளடைவில் சாய்சதுரமாகி, அறைகள் சிக்கிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன் அளவைப் பற்றிச் சற்றுச் சாவதானமாகச் சிந்திக்க வேண்டும். சக்கர வளைவுகளுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு இழுப்பறைகளுக்கு மூன்று நிலைச்சுவர்கள், 12 வீதம் 36 மில்லிமீட்டர். கனத்த பாரத்துக்கென்று விற்கும், குண்டுமணிகளின்மேல் ஓடும் எஃகுச் சேனல்கள் ஒவ்வொன்றும் 19 மில்லிமீட்டர் இடம் கேட்கும், நான்குக்கு 76. மிச்சம் 888, அறை ஒன்றுக்கு வெளியளவு 444, அதன் இரண்டு பக்கப் பலகைகளையும் கழித்தால் உள்ளளவு 420. ஒரு மீட்டர் அகலத்தில் 160 மில்லிமீட்டர் பலகைக்கும் சேனலுக்குமே போய்விட்டது. அந்தச் சேனல்கள் ஒரு ஜோடி 227 கிலோ தாங்கும், முழுதும் வெளியே வரும், வந்த இடத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவை கனமானவை, விலை உயர்ந்தவை, ஒன்றுக்கொன்று ஓரிரு மில்லிமீட்டர் இணை தவறினாலும் ஓட மறுப்பவை. போதாக்குறைக்கு அந்நாட்டில் ‘புல்டஸ்ட்’ என்று சொல்லும் மாவு போன்ற மண்தூள் எந்தக் கதவையும் தாண்டி உள்ளே வந்து, எண்ணெயிட்ட குண்டுமணிகளில் ஒட்டிக்கொண்டு அரைக்கும். ஆதலின் சேனல் வைப்பவர்கள் ஈர எண்ணெய் இடாமல் உலர்ந்த மசகே இட வேண்டும்.

இதற்கு மாற்றாக, உணவகங்களில் காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பாலித்தீனையே பட்டைகளாக அறுத்து, அறையின் அடியிலும் பெட்டியின் தளத்திலும் பதித்து, பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக்காக வழுக்கவிடும் முறை ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் போதுமாதலால், மேலே சொன்ன அதே அகலத்தில் அறையின் உள்ளளவு 420இலிருந்து 454ஆக உயரும். தூள் படிந்தாலும் துடைத்துவிட்டால் தீர்ந்தது. தேய்ந்தால் பட்டையை மாற்றலாம். துருவும் இல்லை, சத்தமும் இல்லை. குறை ஒன்று உண்டு: அறையின் நாலில் ஒரு பங்கையாவது உள்ளேயே நிறுத்தியாக வேண்டும், முழுதும் இழுத்தால் முன்னே கவிழ்ந்துவிடும். அந்த உட்பகுதியில் எப்போதோ வேண்டும் கனத்த கருவிகளை வைத்துவிட்டால் அந்தக் குறையே, நான் முன்பு சொன்ன முன்பாரக் கணக்குக்கு உதவியாகிவிடுகிறது. 40 கிலோவுக்கு உட்பட்ட பாரத்துக்கு நான் இந்த எளிய முறையையே தேர்ந்துகொள்வேன். சமையல் அடுப்பை அறையின்மேலேயே வைத்துச் சமைக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் சேனல் அவசியம்.

பலகைகளை இணைக்கும் முறையைப் பற்றி நம் தச்சர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. காடி வெட்டி, பசையிட்டு, பிறகே திருகாணி முடுக்க வேண்டும். குலுக்கலைத் தாங்குவது காடியும் பசையும், திருகாணி அவை உலரும்வரை பிடித்திருக்கும் கைதான். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று பசை உலருமுன்னே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளுக்கு நைலான் வளையம் பதித்த நட்டுகளை இட வேண்டும். அறுத்த விளிம்புகளுக்கு வார்னிஷ் பூச வேண்டும். மேலே படகுகளுக்கு ஒட்டும் கம்பளம் ஒட்டுவது அழகுக்காக என்று பலர் எண்ணினாலும், அது வைத்த பொருள் வழுக்காமல் பிடிக்கவும் உதவுகிறது. கதவு எப்படித் திறக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பேட்ரோல் வண்டிகள் சிலவற்றில் சமமில்லாத இரண்டு கதவுகள் பக்கவாட்டில் திறக்கும், நடுச்சுவரை அக்கதவுகள் சேரும் கோட்டுக்கு நேராக நிறுத்தினால், ஒரு கதவை மட்டும் திறந்து ஓர் அறையை இழுக்கலாம். அங்கே நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்களாதலால், சமையல் சாமான்கள் இடப்பக்கத்து அறையில் இருந்தால் சமைப்பவர் வாகனங்கள் வரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. தாழ்ப்பாள் பலமானதாக இருக்க வேண்டும். மேட்டில் முகம் தூக்கி நிற்கும் வண்டியில் தாழ் விலகினால், 40 கிலோ பாரமுள்ள அறை குனிந்து நிற்பவரின் வயிற்றை நோக்கி ஓடிவரும்.

இதையெல்லாம் திறம்படச் செய்து முடித்தவர்கள்கூட, பெட்டியை வண்டியோடு பிணைக்கும் விஷயத்தில் அசிரத்தையாக இருந்துவிடுவது எனக்கு மிகுந்த விசாரத்தை அளிக்கிறது. ‘இத்தனை கனமான பெட்டி எங்கே போய்விடப் போகிறது?’ என்ற எண்ணமே அதற்குக் காரணம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி, ஒரு மரத்திலோ மற்றொரு வண்டியிலோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையோடு முன்னே பாயும். பெட்டியும் அதிலுள்ள சாமான்களுமாக 150 கிலோ என்றால், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் முதுகை நோக்கி 3 டன் பாரம் வருகிறது என்று பொருள். தளத்தில் முடுக்கிய நாலு மரத்திருகாணிகள் இதைத் தடுக்கும் என்று நம்புவதைக் காட்டிலும் பெரிய அறியாமை இல்லை. மூன்றாம் வரிசை இருக்கையை எடுத்துவிட்ட இடங்களில், அவ்விருக்கையைப் பிணைப்பதற்கென்றே வண்டியின் சட்டத்தில் திருகுமரை வெட்டிய துளைகள் இருக்கின்றன. அவற்றில் எஃகுத் தகடு வைத்து, அந்தத் துளைக்கு உரிய போல்ட்டையே இட்டு, தகட்டைப் பெட்டியின் அடிப்பலகையோடு அகன்ற வாஷர்கள் வைத்துப் பிணைக்க வேண்டும். புதிதாகத் தளத்தில் துளையிடுகிறவர்கள் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய்த் தொட்டியும் பிரேக் குழாய்களும் செல்கின்றன. குழந்தை இருக்கைகளைக் கட்டும் கொக்கிகளைப் பெட்டி மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், பெட்டிக்கு மேலே அடுக்கும் பொருள்கள் தலைக்கு மேல் பறந்து வராதபடி இருக்கைக்குப் பின்னே எஃகு வலைத் தடுப்பு அமைப்பதும் தவிர்க்கக்கூடாத கடமைகள். தளம் சமமாக இல்லாத இடங்களில், பெட்டியை இழுத்து முடுக்கி அதன் வடிவத்தைக் கெடுக்காமல், பிணைக்கும் நான்கு இடங்களிலும் கடினமான ரப்பர்த் துண்டு வைத்து மட்டம் செய்துகொள்ளலாம். மணல்மேட்டில் ஏறும்போது வண்டியின் உடல் சற்று முறுகும், அந்த முறுக்கைப் பெட்டிக்குக் கடத்தாமலிருக்கவும் அது உதவும்.

எரிவாயு உருளையை மட்டும் இழுப்பறைக்குள் வைக்கவே கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மூடிய அறையின் அடியில் தேங்கிக்கிடந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பெட்ரோல் கலத்துக்கும் இதே விதி. மணலில் புதைந்த வண்டியை இழுக்கும் வார்ப்பட்டையும் கொளுவிகளும், முதலுதவிப் பெட்டியும், பின்கதவைத் திறந்தவுடன் ஒரு கையால் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இவை தேவைப்படும் வேளையில் யாருக்கும் நிதானம் இருப்பதில்லை.

உங்களில் யாராவது, அந்நாட்டிலோ வேறெங்கேனுமோ, இந்தப் பெட்டியைச் செய்யும் உத்தேசத்தோடு இன்று வீடு திரும்புவீர்களானால், உங்களிடம் நான் ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். நாளைக்கே பலகைக் கடைக்குப் போகாதீர்கள். பிரயாணத்துக்கு எடுத்துச் செல்ல நினைக்கும் அத்தனை பொருள்களையும், தண்ணீரும் எண்ணெயும் நிரப்பிய கலங்களையும், உடன் வரும் மனிதர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அருகிலுள்ள எடைமேடைக்குப் போங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவையும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவையும், முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவையும் நிறுத்துப் பாருங்கள். வண்டிக்கு விதித்த வரம்பிலிருந்து அந்த எடையைக் கழித்தால் மிஞ்சுகிற எண் எதுவோ, அதற்குள் அடங்கும் பெட்டியைத்தான் நீங்கள் செய்யலாம். ஒன்றுமே மிஞ்சவில்லையானால், வீட்டுக்குத் திரும்பி வந்து, எதை இறக்கி வைப்பது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.